பூட்டுக்கல்லில் ஒரு வாழையிலை

கல் வளைவு ஒன்றைக் கட்டி முடித்த பிறகு, அதுவரை அதைத் தாங்கிக்கொண்டிருந்த மரச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். சென்ட்ரிங் பிரிப்பது என்பார்கள். அன்றைக்கு யாரும் அருகில் நிற்பதில்லை. மரத்தின்மேல் சாய்ந்து சுகமாகக் கிடந்த கற்கள் அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஒன்றையொன்று தாங்கப் பழக வேண்டும். பழகாவிட்டால் கீழே வரும்.

1947 மாசி மாதம், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போகும் சாலையில் புதிதாகக் கட்டிய சத்திரத்தின் வாசலில், அப்படி ஒரு வளைவுக்கு நேர் கீழே ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்தார். பத்தடி அகல வாசல், பதினேழு கருங்கற்கள். மேலே ஆட்கள் ஆப்புகளைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, தொடையில் துடைத்தார்.

அவர் காத்தமுத்து கொத்தனார். அவரை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். கான்ட்ராக்டர் அடைக்கலராஜின் தென்னூர் ஆபீஸில் நான் டிரேஸர். மற்றவர்கள் போட்ட படங்களை மெழுகுத் துணியில் நகலெடுப்பது என் வேலை. அந்த வளைவையும் நான்தான் நகலெடுத்திருந்தேன். ஒரு கோடு நகர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கற்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன்.

அடைக்கலராஜ் சாலையின் மறுபக்கத்திலிருந்து கத்தினார்.

"யோவ், எழுந்து வாய்யா. எம் மேல பழியைப் போடாதே."

"விழுந்தா எந் தலையிலதான் முதலாளி விழும். உங்க தலைதான் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கே."

கடைசி ஆப்பு கழன்றது. சட்டம் ஓர் அங்குலம் இறங்கியது. விரல் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம். காரைத் துணுக்கு ஒன்று அவருடைய தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டு, இரண்டு முறை மென்ற பிறகுதான் எழுந்தார். போகிறபோது வளைவின் காலை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார், வேலை முடிந்து வண்டி மாட்டைத் தட்டுகிற மாதிரி.

இந்தப் பழக்கத்தை அவர் திருச்சியில் கற்கவில்லை. இங்கே எந்தக் கொத்தனாருக்கும் அது கிடையாது. அதை அவர் இத்தாலியிலிருந்து கொண்டுவந்தார்.

அவருக்குச் சொந்த ஊர் தொட்டியம். பெற்றவர்கள் வாழைத் தோட்டத்துக் கூலிகள். இருபது வயதில் காவிரியைத் தாண்டித் திருச்சிக்கு வந்து, சுண்ணாம்பு அரைக்கிற செக்கில் ஆரம்பித்து, கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனார். வீராயியைக் கட்டிக்கொண்டு அரியமங்கலத்தில் குடியிருந்தார். 1941இல் பட்டாளத்துக்குக் கொத்தனும் தச்சனும் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். பாலம் போடுகிற, ரோடு போடுகிற, வேண்டாத பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கிற பட்டாளம். பெங்களூரில் பழகி, பாலைவனத்தில் இரண்டு வருஷம் மணல் தின்று, 1944இல் இத்தாலிக்குப் போனார்.

பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் துப்பாக்கிக் கதை சொல்வார்கள். காத்தமுத்துவிடம் அது கிடையாது. அவருக்கு ஒரே ஊர்தான். சத்திரத்து வேலை நடந்த ஐந்து மாதமும், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, அந்த ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் படச் சுருளைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பேன். ஊரின் பெயர் ரோக்கசெர்ரா. அட்லஸில் தேடிப் பார்த்தேன், இல்லை.

"நம்ம மலைக்கோட்டையை மனசுல வச்சுக்கங்க தம்பி. உச்சியில பிள்ளையாருக்குப் பதிலா ஒரு சதுரக் கோபுரம். அவ்வளவுதான், அந்த ஊரு."

பாறையைச் சுற்றிக் கல் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. தெருக்கள் இரண்டு பொதிக் கழுதைகள் எதிரெதிரே வந்தால் தாண்ட முடியாத அகலம். ஏறி வருகிற கழுதைக்குத்தான் வழி, இறங்குகிறது பின்னால் நடக்க வேண்டும். கீழே கூழாங்கல் ஓடை. சரிவு முழுக்கச் சாம்பல் நிற இலையோடு ஒரு மரம், அதன் காயைச் செக்கிலிட்டு எண்ணெய் எடுப்பார்கள். ஊரைச் சுற்றி மதில். மதிலுக்குள் மதில். நடுவில் பிரபுவின் கோட்டை, அடுத்த சுற்றில் கைத்தொழில்காரர்கள், அதற்கும் வெளிச் சுற்றில் உழுகிறவர்கள்.

இதைச் சொன்ன அன்று கல் தச்சர் சின்னையா, அப்படியென்றால் அது ஸ்ரீரங்கம் மாதிரிதானே என்று கேட்டார். வளைவுக்கான பதினேழு கற்களையும் செதுக்கியவர் அவர். காத்தமுத்து கோயில் மதில் பக்கம் கையை நீட்டினார்.

"மாதிரிதான். ஆனா அங்க சண்டை வந்தா வாசலைச் சாத்துவான். இங்க சண்டை இல்லாமலே சாத்தியிருக்கான்."

அந்த ஊரின் பழைய கதையை அவருக்குச் சொன்னவள் அஸ்ஸூந்தா என்ற கல் தச்சனின் விதவை. கோட்டை வாசலின் சாவி அவள் வீட்டில்தான் இருந்தது. இவருக்குத் தெரிந்த இத்தாலி வார்த்தை நாற்பதோ ஐம்பதோ. அவள் பாதியைக் கையாலும் மீதியைத் தரையில் கரியால் கிழித்தும் சொன்னாள்.

அறுநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை, அவள் போன வாரம் நடந்தது போலச் சொன்னாளாம். பக்கத்து ஊர்ப் பிரபு படையெடுத்து வருகிறான் என்று தெரிந்து, இந்த ஊர்ப் பிரபு அவசர அவசரமாக ஒரு வாசல் கட்டச் சொன்னான். காரை இறுகும் முன்பே சட்டத்தைப் பிரிக்கச் சொன்னான். பிரித்தார்கள். மறுநாள் சந்தை. வாசல் விழுந்து பதினோரு பேரும் ஒரு கோவேறு கழுதையும் செத்தார்கள். கட்டியது யார் என்று பிரபு கேட்டபோது, ஒவ்வொருவனும் அடுத்தவனைக் காட்டினான். பிரபு கையில் கிடைத்த ஒருவனைத் தூக்கில் போட்டான். அவன் சுண்ணாம்பு சுமந்த கிழவன். ஒரு கல்லைக்கூட வைத்தவன் இல்லை.

கொத்தர்கள் கூடிப் பிரபுவிடம் போனார்கள். இனிமேல் இந்த ஊரில் கல் வைக்கிறவன் தன் அடையாளத்தைக் கல்லில் வெட்டுவான், விழுந்தால் அவனைக் கேளுங்கள், கிழவனைத் தொடாதீர்கள். சட்டம் பிரிக்கும்போது அவனே கீழே உட்காருவான், காரை இறுகியதா என்று அவனே சொல்லட்டும், நீங்கள் அவசரப்படுத்தக் கூடாது. பிரபு முடியாது என்றான். என் சுவரில் என் சின்னம்தான் இருக்கும் என்றான். கொத்தர்கள் கருவியைக் கீழே வைத்தார்கள். குளிர்காலம் முழுக்க ஊர் வாசல் இல்லாமல் திறந்து கிடந்தது. ஓநாய் வந்தது, பனி வந்தது, பக்கத்து ஊர்ப் படை மலையடிவாரம் வரை வந்தது. கொத்தர்கள் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. வசந்தம் வந்தபோது பிரபு தலையசைத்தான்.

அதிலிருந்து அந்த ஊரில் கல்லுக்குக் கல் அடையாளம். பெயரில்லை, எழுத்தில்லை, அவர்களுக்கு எழுதத் தெரியாது. கத்தரிக்கோல், ஏணி, சாவி, கோழிக் கால். அப்பனுடையதை மகன் எடுத்துக்கொண்டு ஒரு கோடு கூட்டிக்கொள்வான்.

மறுபடி கட்டிய அந்த வாசலை 1944 கோடையில் ஜெர்மன்காரர்கள் பின்வாங்கும்போது வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். இவர்கள் பட்டாளம் போய்ச் சேர்ந்தபோது கல் குவியலாகக் கிடந்தது. வெள்ளைக்கார மேஜர், புல்டோசரால் தள்ளிச் சரிவில் கொட்டிவிட்டு ரோட்டை அகலப்படுத்துங்கள் என்றார். குவியலின்மேல் அஸ்ஸூந்தா நின்றாள், கையில் முழ நீளச் சாவியோடு. வாசலே இல்லை, சாவியை வைத்துக்கொண்டு நின்றாள். அவளை நகர்த்தச் சொல்லி இவரை அனுப்பினார்கள்.

போனவர் அவளை நகர்த்தவில்லை. காலடியில் ஒரு கல்லைப் புரட்டினார். கத்தரிக்கோல் இருந்தது. இன்னொன்றைப் புரட்டினார், அதிலும் கத்தரிக்கோல். ஒரே கையால் வெட்டிய கற்கள் ஒரே வரிசையில்தான் இருந்திருக்கும் என்று கொத்தனுக்குத் தெரியாதா. அன்று சாயங்காலத்துக்குள் அடையாளத்தை வைத்துக் கற்களைப் பிரித்து, விழுந்த வளைவைத் தரையில் படுக்கப் போட்டுக் காட்டிவிட்டார். மேஜர் பைப்பை வாயிலிருந்து எடுத்து, நீள நடந்து பார்த்து, ஆறு வாரம் தருகிறேன் என்றார்.

சென்ட்ரிங்குக்கு மரமில்லை. ஊரார் திராட்சைச் சாராயப் பீப்பாய்களை உடைத்துப் பலகை கொடுத்தார்கள்; வளைந்த பலகை, வளைவுக்குக் கச்சிதம். மாதா கோயிலிலிருந்து இரண்டு பெஞ்சு வந்தது. எல்லாக் கல்லும் கிடைத்தது, உச்சியில் கடைசியாக இறக்குகிற பூட்டுக்கல் மட்டும் தூளாகியிருந்தது. புதிதாக வெட்ட வேண்டும். அஸ்ஸூந்தா புருஷனுடைய உளியைக் கொண்டுவந்து கொடுத்து, உன்னுடையதைப் போடு என்றாள்.

தன்னுடையது என்று அவருக்கு என்ன இருந்தது? முப்பத்தைந்து வயது வரை எத்தனையோ சுவர் எழுப்பியிருக்கிறார், ஒன்றில் ஒரு கீறல் கிடையாது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு வாழையிலை வெட்டினார். நடுவில் ஒரு நரம்பு, பக்கத்துக்கு நான்கு சாய்வுக் கோடு, சுற்றி விளிம்பு. தொட்டியத்து வாழையிலை. அந்த ஊரில் வாழையைக் கண்டவர் கிடையாது. மீன் முள் என்று நினைத்துக்கொண்டு அவரை மீன்காரர் என்று கூப்பிட்டார்கள். இலை என்று விளக்க நாற்பது வார்த்தை போதவில்லை. சட்டம் பிரித்த அன்று ஊரே பார்க்க அவர் கீழே உட்கார்ந்தார். வெற்றிலை இல்லாததால் ஒரு ரொட்டித் துண்டை மென்றார். அன்று வளைவுக்கு அடியிலேயே மேஜை போட்டு விருந்து. அஸ்ஸூந்தாவுக்கு வலப்பக்கம் அவர்.

1946இல் ஊர் திரும்பினார். வீராயி என்னிடம் ஒரு நாள் சொன்னாள், மனுஷன் பட்டாளத்திலிருந்து ஒரு கம்பளியையும் ஒரு திமிரையும் கொண்டுவந்திருக்கிறது என்று. குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. போவதற்கு முன்னால் அக்ரகாரத்துக்காரர்களை அவர் "சாமி" என்பாராம். இப்போது எல்லோரும் "சார்" ஆகிவிட்டார்கள்.

சத்திரத்துக்கு வருகிறேன். தர்மகர்த்தா அழகியமணவாளன் உத்தர வீதியில் குடியிருந்த வக்கீல். நேர்மையானவர், பிடிவாதக்காரர், செங்கல்லைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கியவர். யாத்திரை வருகிற வைஷ்ணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும். உள்ளே ஒரு சின்னக் கிருஷ்ணன் சந்நிதி. பங்குனியில் திறப்பு. அதற்கு முதல் நாள் புண்ணியாகவாசனம் செய்து, தண்ணீர் தெளித்து, இடத்தைச் சுத்தி செய்வார்கள். கட்டியவர்களின் கை பட்டது அதோடு போய்விடும். அதற்குப் பிறகு கட்டியவர்கள் வாசலுக்கு உள்ளே வருவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, அடுப்பைப் பார்க்க வந்த சமையல்காரர் முற்றத்தில் நின்று அண்ணாந்தார். பூட்டுக்கல்லின் உட்பக்கம், ஒரு சாண் அளவில், கோடுகள். அவர் போட்ட கூச்சலில் தர்மகர்த்தா ஜட்கா பிடித்து வந்தார். கான்ட்ராக்டருக்கு ஆள் போயிற்று. அவர் என்னையும் படச் சுருளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் போனபோது காத்தமுத்து மதிலோரம் பூச்சு வேலையில் இருந்தார், கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"என்ன காத்தமுத்து இது? வைஷ்ணவாள் அமுது பண்ற இடத்து வாசல்லே மீன் முள்ளைச் செதுக்கி வச்சிருக்கே?" என்றார் தர்மகர்த்தா.

"மீன் இல்லீங்க சார். வாழையிலை."

முள்ளேதான், சந்தேகமே வேண்டாம் என்று சமையல்காரர் அடித்துச் சொன்னார். பின்னால் நின்ற சின்னையா ரொம்பப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி மீன் முள்ளை எங்கே பாத்தீங்க?"

சாரத்தில் நின்றவர்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். சமையல்காரர் வேலை இருப்பதாக உள்ளே போனார்.

காத்தமுத்து கொல்லைப்பக்கம் போய் ஒரு நுனியிலை அறுத்துவந்தார். ஏணியில் ஏறி அதைப் பூட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். நரம்புக்கு நரம்பு, சாய்வுக்குச் சாய்வு. வெயில் இலையைத் துளைத்துக் கல்லில் பச்சையாக விழுந்தது. யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அழகியமணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரி, இலையாவே இருக்கட்டும். அது அங்கே எதுக்கு? எடுத்துடு."

அதற்கப்புறம் மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அது என் அடையாளம் சார். கட்டினவன் அடையாளம்."

"கட்டினது நாங்க. நீ வேலை செஞ்சே."

காத்தமுத்து ஏணியிலிருந்து இறங்கினார். இலையை மடிக்காமல் சுவரில் சாத்தி வைத்தார்.

"இது விழுந்தா யாரைக் கேப்பீங்க சார்?"

"உன்னைத்தான். வேற யாரை?"

"விழுந்தா என்னைக் கேப்பீங்க. நின்னா நான் யாருன்னே தெரியாது. அப்படித்தானே?"

அடைக்கலராஜ் நடுவில் வந்தார். படத்தில் இது இல்லை, அதனால் இருக்கக் கூடாது என்று சட்டம் பேசினார். தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். நான் சுருளைப் பிரித்துக் காட்டினேன். படத்தில் இல்லை. இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

பிறகு கான்ட்ராக்டர் தணிந்த குரலில் காத்தமுத்துவிடம் சொன்னார். எடுத்துவிடு, அடுத்து நான் பிடித்திருக்கிற ஆஸ்பத்திரி வேலைக்கு நீதான் மேஸ்திரி. எடுக்காவிட்டால் இன்றோடு சரி. நான் மட்டுமில்லை, திருச்சியில் எந்தக் கான்ட்ராக்டரும் உன்னைச் சேர்க்க மாட்டான். வீட்டில் வீராயி, இரண்டு பெண்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். காத்தமுத்து கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்க மாட்டேன் முதலாளி. எடுக்கிறவங்க எடுக்கட்டும், தடுக்கலை. செதுக்கினா வளைவு விழும்னு பொய்யும் சொல்லலை, விழாது. ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. என் அடையாளத்தை எடுக்கிறவர், இனி இதுக்கு நான் பொறுப்புன்னு தன் அடையாளத்தைப் போடணும். போடுறவர் வந்து இதுக்குக் கீழே உக்காரணும்."

"யார் வச்ச முறை இது?" என்றார் தர்மகர்த்தா.

"பதினோரு பேர் செத்ததுக்கப்புறம் வச்ச முறைங்க."

கான்ட்ராக்டர் வளைவை அண்ணாந்து பார்த்தார். தனக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்றார். மறுபடியும் சாரத்தில் சிரிப்பு. அதுதான் அழகியமணவாளனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். மேல்வேஷ்டியை உதறி, வளைவுக்கு நேர் கீழே விரித்து, சப்பணமிட்டு உட்கார்ந்தார். அறுபது வயது, முதுகு வளையவில்லை.

"நான் உக்காந்துட்டேன். சின்னையா, ஏறு. எடு அதை."

சின்னையா சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு ஏறினார். உளியை இலையின் நுனியில் வைத்தார். ஒரு அடி. கல் பொறி பறந்தது. பக்கத்து இணைப்பிலிருந்து காரைப் பொடி உதிர்ந்து தர்மகர்த்தாவின் திருமண்ணின்மேல் விழுந்தது. அவர் கண்ணை மூடினார், ஆனால் அசையவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்ததை மறைக்க மாட்டேன்.

அப்போது காத்தமுத்து போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே சாக்குகூட இல்லை. ஒரு முழம் இடைவெளி. இரண்டு பேரும் சாலையைப் பார்த்து, ஒரே வாசலில், ஒரே மட்டத்தில். ரோட்டில் போன ஒரு மாட்டு வண்டி நின்றுவிட்டது.

"அடி சின்னையா. என் இலை இருக்கிறவரைக்கும் இது என் பொறுப்பு. அதுவரைக்கும் நானும் இருக்கணும்."

இரண்டாவது அடி விழவில்லை. நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். சின்னையா உளியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். தரையில் கால் வைத்ததும் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பதினேழு கல்லு செதுக்கினேன். ஒண்ணுலகூட நான் இல்லை. இருக்கிற ஒருத்தனையும் என் கையாலயே அழிக்கச் சொல்றீங்க. எனக்கு வேண்டாங்க."

சாரத்தில் நின்றவர்களில் கல் வேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கான்ட்ராக்டர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். இன்னொருவருக்கு அன்று கையில் சுளுக்கு.

அழகியமணவாளன் எழுந்தார். மேல்வேஷ்டியை எடுத்து உதறினார். போகிற போக்கில், காத்தமுத்துவிடம் இல்லாமல் வளைவிடம் சொல்வதுபோல், "மேலே சுண்ணாம்பு அடிச்சு மறைச்சுடுங்கோ" என்றார். அடையாளத்தை எடு என்று அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை.

காத்தமுத்துவின் வேலை அன்றோடு போயிற்று. சின்னையாவினுடையதும். காத்தமுத்து கருவிகளைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினார். அந்த நுனியிலையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். வீட்டில் அதில்தான் சாப்பிட்டார் என்று வீராயி பின்னால் சொன்னாள். வழக்கமாக அலுமினியத் தட்டுதானாம். நான் ஆபீஸுக்குப் போய், எங்கள் கோப்பில் இருக்கிற பிரதியில், பூட்டுக்கல்லின்மேல் ஒரு நடுக்கோடும் பக்கத்துக்கு நான்கு சாய்வும் போட்டு, சுற்றி விளிம்பு வரைந்து வைத்தேன். அது இன்னும் இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

திறப்பு சிறப்பாக நடந்தது. நாலு வரிசை பந்தி. அதில் காத்தமுத்து இல்லை, வாசலுக்கு எதிர்ப்பக்கமும் வந்து நிற்கவில்லை. கான்ட்ராக்டர் சொன்னபடியே பெரிய வேலை எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகஸ்டு பதினைந்து வந்தது, ஊரெல்லாம் கொடி கட்டியது, அன்றைக்கும் அவர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார். சின்னையாவும் அவரும் சேர்ந்து சின்னச் சின்ன வேலையாகப் பிடித்தார்கள். வாய்க்கால் மதகு, கிணற்றுச் சுற்றுச்சுவர், தொட்டியம் பக்கத்தில் ஒரு சிறு பாலம். அவற்றின் உட்பக்கம் குனிந்து பார்த்தால் ஒரு வாழையிலையும், அதற்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுக்கல்லும் இருக்கும். ஆட்டுக்கல் சின்னையாவினுடையது. சட்டம் பிரித்த அன்று மதகின் அடியில் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நான் போய்ப் பார்த்திருக்கிறேன். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்திரத்து வளைவைச் சொல்ல வேண்டும். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு நிற்கிறது. பூட்டுக்கல்லில் மட்டும் ஐப்பசி மழைக்கு நிற்பதில்லை. வெட்டிய கோட்டில் தண்ணீர் இறங்கும், கோடு கறுக்கும். முதலில் நடு நரம்பு தெரியும். ஒரு வாரத்தில் இலை முழுக்க வெளியே வந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் தர்மகர்த்தா ஆள் விட்டு மறுபடி அடிக்கச் சொல்கிறார். சின்னையாவின் உளி பட்ட இடத்தில் நுனி கொஞ்சம் உடைந்திருக்கிறது, காற்றில் கிழிந்த இலை மாதிரி.

இந்த வருஷம், 1949 கார்த்திகையில், நான் அந்தப் பக்கம் போனபோது ஏணி சாத்தியிருந்தது. வெள்ளையடிக்கிறவர் மேலே இருந்தார். முற்றத்தில் அழகியமணவாளன் தடியை ஊன்றி நின்று மேற்பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் காத்தமுத்து சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, வளைவுக்குள் அண்ணாந்துகொண்டிருந்தார். கேரியரில் சிமெண்டுச் சாக்கு.

"நடு நரம்புல ரெண்டு கை கூட அடிப்பா. அதான் முதல்ல வெளிய வருது" என்று குரல் கொடுத்தார்.

வெள்ளையடிக்கிறவர் திரும்பிப் பார்த்தார். தர்மகர்த்தாவும் திரும்பினார். அவரும் காத்தமுத்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வணக்கம் இல்லை.

"சுவர் எப்படி இருக்கு சார்? எங்கேயாவது விரிசல் விட்டுருக்கா?"

அழகியமணவாளன் வளைவை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இல்லை" என்றார்.

"விட்டா சொல்லி அனுப்புங்க. பேரு மேலதான் இருக்கு."

பெடலை மிதித்துக்கொண்டு அம்மா மண்டபம் பக்கம் போனார். மேலே வெள்ளையடிக்கிற மட்டை சுண்ணாம்பில் தோய்ந்து, இலையின் நடு நரம்பில் ஒரு முறை ஓடி, திரும்பவும் ஒரு முறை ஓடியது.